கிரகணம் இல்லை, சர்க்கரையைக் கேளுங்கள்

சேலம் பக்கம் கிரகணத்தன்று கர்ப்பிணியை வாசலுக்கு விடமாட்டார்கள், அரிவாள்மனையைத் தொடவிட மாட்டார்கள். குழந்தை கால் குறையோடு பிறந்துவிட்டால், ஏழாம் மாசக் கிரகணத்தில் வெளியே போனாளா என்று விசாரணை நடக்கும். ஏழாம் மாசத்தில் எது நடந்திருந்தாலும் காலில் எலும்பு இல்லாமல் போயிருக்காது.

கரு தரித்த 28ஆம் நாள் வாக்கில் கால் சின்ன மொட்டாக முளைக்கிறது. 56ஆம் நாளுக்குள் விரல்கள் பிரிந்துவிடும். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் 6 முதல் 10 வாரம். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண், நாள் தள்ளிப்போய், கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கி ஸ்கேனுக்கு வருவதற்குள் கால் உருவாகி முடிந்திருக்கும்.

அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோயைப் பற்றி இவ்வளவு கவலை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, முதுகெலும்பின் அடிப்பகுதி உருவாவதைக் கெடுக்கலாம். அப்போது இடுப்புக்குக் கீழே சதை வற்றி, கால் மடங்கிப் பிறக்கும். கர்ப்பத்தின் பிற்பாதியில் வரும் சர்க்கரைக்கு இதில் பங்கில்லை, கால் அதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு 5 மி.கி. போலிக் அமில மாத்திரையை டாக்டர் முன்கூட்டியே தொடங்குவார்.

இரண்டு காலும் ஒட்டிப் பிறப்பது சுமார் 1 லட்சத்தில் ஒன்று. பெரும்பாலும் தொப்புள்கொடியில் ஒரே தமனிதான் இருக்கும். அது கீழுடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தை இழுத்துக்கொள்வதாக ஒரு விளக்கம். அந்தக் குழந்தைகள் பிழைக்காததற்குக் காரணம் கால் அல்ல, சிறுநீரகம் உருவாகாததே.

அடுத்தது மாத்திரை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குக் கை கால் குறையை உண்டாக்கும் தாலிடோமைடு, மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்டது. தொழுநோய் எதிர்வினைக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் இன்றும் தருகிறார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய கருக்கலைப்பு மாத்திரை பலிக்காமல் கர்ப்பம் தொடர்ந்தாலும் கை கால் குறை வரலாம். மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுகிற டாக்டராக இருந்தாலும். வலிப்பு மாத்திரையை மட்டும் பயந்து தாமாக நிறுத்தக் கூடாது.

தாய்மாமனைக் கட்டினால் ஒடுங்கு மரபணுக் குறைகளின், அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் குறைகளின், வாய்ப்பு கூடும். எல்லாக் கால் குறைக்கும் அதைக் காரணம் சொல்வது தவறு. பாதம் நடுவில் பிளந்திருப்பது பல குடும்பங்களில் ஒரே ஒரு பெற்றோரிடமிருந்தே இறங்குகிறது. பனிக்குட நார் சுற்றிக் கெண்டைக்காலில் கயிறு கட்டியதுபோல் பள்ளம் விழுவது பொதுவாகப் பரம்பரையே அல்ல.

18 முதல் 20 வார ஸ்கேனில் தொடை எலும்பின் நீளத்தோடு விட்டுவிடாமல், இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே இரண்டிரண்டு எலும்பு தெரிகிறதா என்று கேளுங்கள். பிறந்தபின் முழங்காலுக்குக் கீழே கால் முன்பக்கம் வளைந்து, அந்த வளைவின் மேல் தோலில் ஒரு குழி இருந்து, சுண்டுவிரல் பக்கம் விரல் குறைந்தால், வெளிப்பக்க எலும்பு இல்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். இரு கால்களுக்கும் முழு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 'வளர வளரச் சரியாகும்' என்று யாராவது சொல்வார்கள். ஆகாது. பிறவிக் குட்டைக்கால் அதே விகிதத்தில்தான் வளரும்: பிறக்கும்போது 2 செ.மீ. வித்தியாசம் என்றால், ஆண் பிள்ளைக்கு வளர்ந்து முடியும்போது 10 செ.மீ. அளவுக்கு வரும், பெண் பிள்ளைக்கு 9 செ.மீ.க்குச் சற்று மேல்.