ஒரே ராத்திரியில் குறையும் முட்டி வலி

ரப்பர் பால் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த முட்டிக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் மருந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைக்கும், கைப்பேசியில் ஆர்டர் போட்டாலும் வீட்டுக்கே வரும். "சுத்த மூலிகைக்கா, ரசாயனமே இல்ல" என்பார்கள். அதைச் சாப்பிட்டு மறுநாளே படியேற முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். தேய்ந்த மூட்டின் வலியை எந்த மூலிகையும் அவ்வளவு சீக்கிரம் அடக்காது. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் அடக்கும்.

நாட்டு மருந்து என்ற பெயரில் விற்ற பொருள்களில் இந்த ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் சரக்கு இது. மருத்துவர் எழுதித் தராமல் விற்கக்கூடாது.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெறும் 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு, அதாவது மருந்தாக வரும் கார்ட்டிசோலுக்குச் சமம். உடம்பு ஒரு நாளில் சுரப்பதற்குக் குறைவில்லாத அளவு அது. வீக்கம் வற்றும், பசி எடுக்கும், முகம் உப்பும். பார்ப்பவர்கள் "நல்லா தேறிட்டீங்க" என்பார்கள். உள்ளே நடப்பது வேறு. கல்லீரல் சர்க்கரையைக் கூடுதலாக இறக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மினைத் தவறாமல் போடுபவருக்கும் இனிப்புநீர் அளவு காரணம் தெரியாமல் ஏறுகிறது. கூடவே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் போட்டால் இரைப்பையிலோ குடலிலோ புண் வரலாம். மலம் தார் மாதிரி கறுத்தால் ரத்தக் கசிவு.

பெரிய ஆபத்து நிறுத்தும்போதுதான். வெளியிலிருந்து வேண்டிய மட்டும் வருவதால் அட்ரினலைத் தூண்டும் உத்தரவை மூளை நிறுத்திவிடும். சில வாரங்களில் சுரப்பி சுருங்கிப்போகும். பயந்துபோய் மாத்திரையைத் திடீரென்று விட்டால் அது உடனே எழுந்து வேலை செய்யாது. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று வந்தால் உயிருக்கே ஆபத்து, காய்ச்சலும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டவர் பெட்டியோடு அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும். அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மயங்கி விழுந்தால் 999.

இன்னும் வாயில் போடாதவருக்கு வேலை சுலபம். டவுனில் ஃபார்மசியில் இருக்கும் மருந்தாளரிடம் பெட்டியையும், அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மருந்து உறைகளையும் சேர்த்தே காட்டுங்கள். கிட்னி கோளாறு, ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெட்டியில் பதிவைக் காட்டும் எம்.ஏ.எல். (MAL) எழுத்துகளும் எட்டு இலக்க எண்ணும் இருக்கவேண்டும். எண்ணை அடுத்து வரும் எழுத்து டி (T) என்றால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. எண் இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், வேறொரு பொருளின் எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு. அமைச்சின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு அதே பெயர்தான் வருகிறதா என்று மருந்தாளர் பார்த்துச் சொல்வார். கலப்படத்தை மட்டும் அவராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும். ஆகவே பெட்டியையும் மிச்ச மாத்திரையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.