டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் டிசம்பரும் ஜனவரியும் பயிற்சியாளர்கள் இடம் மாறும் மாதங்கள். அப்போது அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. இன்ன பல்கலைக்கழகம் தன் உதவிப் பயிற்சியாளர் ஒருவரையே 'டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர்' ஆக்கியிருக்கிறது என்று வரும். தமிழில் இதை 'தற்காப்பு ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதிவிடத்தான் கை போகிறது. அந்தச் சொல்லில் இரண்டு பாதியுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், அந்த ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று பார்த்துவிடலாம்.

இது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும், எறிந்து பிடிக்கும் கால்பந்து. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் 4 முயற்சிகள் கிடைக்கும். முன்னேற விடாமல் நிறுத்துவது எதிரே நிற்கும் 11 பேரின் வேலை. பந்து கைமாறியதும் இரண்டு பக்கமும் ஆட்களே மாறிவிடுவார்கள். தாக்கி ஆடியவர்கள் வெளியே போய், தடுத்து ஆடுகிறவர்கள் உள்ளே வருவார்கள். ஒரே கல்லூரிக்குள் இரண்டு தனி அணிகள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். அதில் தடுக்கும் அணி முழுவதும் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர்.

மூன்றாவது முயற்சி, இன்னும் 7 கெஜம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய முயற்சி முடிந்த கணமே 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எதிரணி இப்போது யாரை உள்ளே அனுப்புகிறது, பந்து பிடிக்க எத்தனை பேர், தூக்கிக்கொண்டு ஓட எத்தனை பேர் என்பதெல்லாம் காதுக்கருவியில் வந்து விழுகிறது. கையில் இருக்கும் அட்டையை ஒரு பார்வை பார்த்து, கோஆர்டினேட்டர் மூன்று முடிவுகளை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். முன்வரிசையில் யார் எங்கே நிற்பது? பந்து எறிபவர் மேல் எத்தனை பேர் பாய்வது? மிச்சம் இருப்பவர்கள் ஆளுக்கு ஆள் பிடிப்பதா, ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பதா? இந்த மூன்றும் சேர்ந்து, அந்த அணிக்கு மட்டுமே புரிகிற இரண்டு மூன்று சொற்களாகச் சுருங்கிப் போகும். 2024 முதல் மேல்மட்டப் பிரிவில், தடுப்பவர்களில் ஒருவர் மட்டும் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம். அவர் கவசத்தின் பின்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குமேல் எதையாவது மாற்ற வேண்டுமானால் களத்தில் நிற்கும் பையன்தான் கையைக் காட்டிக் கத்த வேண்டும். 2023 வரை எல்லாமே எல்லைக்கோட்டிலிருந்து காட்டும் சைகைகள்தான். அந்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சுற்றிச் சைகைத் திருட்டுச் சர்ச்சை பெரிதாக வெடித்தது. அந்தச் சைகைகளுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

கிரிக்கெட்டில் களத்தடுப்பை மாற்றுவது அணித்தலைவர். அவர் களத்துக்குள்ளேயே நிற்கிறார். இங்கே அந்த அதிகாரம் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு பயிற்சியாளரிடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் சொல்லுக்குப் பொருள் பிடிபடாது.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். 'கோஆர்டினேட்' என்பதில் 'கோ' என்றால் கூட, சேர்ந்து. மீதி, 'ஓர்டோ' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வரிசை, ஒழுங்கு என்று பொருள். நெசவுக்குப் பாவு போடுவதைக் குறிக்கும் 'ஓர்டிரி' என்ற லத்தீன் வினையோடு அதற்கு உறவு சொல்வார்கள். பலவற்றைச் சமமான வரிசையில் நிறுத்தி ஒன்றோடொன்று பொருந்தவைப்பது என்பதுதான் அடிப்படை. 'டிஃபென்ஸ்' என்பதும் லத்தீன்தான். 'டிஃபெண்டெரே' என்றால் வருகிற அடியை விலக்கித் தள்ளுவது. விலக்குவதும் தள்ளுவதும் அந்த வேரிலேயே இருக்கின்றன. தமிழ்ச் சொல் தேடும்போது இது உதவும்.

இந்தப் பதவி ஆட்டத்தோடு பிறந்தது அல்ல. ஆரம்பத்தில் ஒரே 11 பேர்தான் தாக்கவும் தடுக்கவும் செய்தார்கள். உதவிப் பயிற்சியாளர்களுக்கும் 'லைன் கோச்', 'பேக்ஃபீல்டு கோச்' என்று, பார்த்துக்கொள்ளும் வரிசையை வைத்தே பெயர். 1941இல் ஆட்களை மாற்றும் விதி தளர்ந்தது. 1945இல் மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், மிகப் பலமாக இருந்த ராணுவக் கல்லூரி அணிக்கு எதிராகத் தடுக்க ஒரு கூட்டம், தாக்க ஒரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். ஆட்டத்தில் தோற்றாலும் யோசனை நின்றது. தோற்கடித்த ராணுவக் கல்லூரியே பிறகு அந்த முறையை எடுத்துக்கொண்டது. 'பிளட்டூன்' என்ற படைப்பிரிவுச் சொல்லே அந்த முறைக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. 1953இல் விதியை மறுபடி இறுக்கினார்கள். 1960களின் நடுவில் முழுவதும் திறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் தடுப்பு என்பது தனி ஆட்கள், தனிப் பயிற்சி, தனி அறை என்று ஆகிப்போனது. தனி அணி என்று வந்துவிட்டால் அதற்குத் தனியாக ஒரு தலைவர் இல்லாமல் முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோஆர்டினேட்டர் ஆனவரும் பதவி வரிசையில் உதவிப் பயிற்சியாளர்தான். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் தரப்படும் பிராய்ல்ஸ் விருதின் பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் கோஆர்டினேட்டர்கள் பெயர்தான் இருக்கும். ஆக 'உதவியாளர் கோஆர்டினேட்டர் ஆனார்' என்றால் ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டவர் முழு அணியையும் பார்க்க வந்திருக்கிறார் என்று பொருள். அவருக்கு மேலே தலைமைப் பயிற்சியாளர் இருக்கிறார்.

வெளியே தேடாமல் உள்ளிருந்தே ஒருவரை உயர்த்துவதற்குக் காரணம் நான் மேலே சொன்ன அந்த இரண்டு மூன்று சொற்கள்தான். ஒவ்வொரு அணிக்கும் தனிக் குழூஉக்குறி உண்டு. புது ஆள் வந்தால் பிள்ளைகள் எல்லாரும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உள்ளே இருந்தவருக்கு அந்த மொழி ஏற்கெனவே தெரியும், ஆட்களையும் தெரியும். கல்லூரி மாறுவது மாணவர்களுக்கு எளிதாகிவிட்ட இந்தக் காலத்தில் அந்தப் பழக்கமே ஒரு பிடிமானம்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இது பலித்தது. 2018இல் வெளிப்புற லைன்பேக்கர்களுக்கு (முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுப்பவர்கள்) பயிற்சியாளராக வந்த டான் லானிங்கை, அதுவரை கோஆர்டினேட்டராக இருந்த மெல் டக்கர் கொலராடோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனதும், 2019 பருவத்துக்குக் கோஆர்டினேட்டர் ஆக்கினார்கள். 2021 பருவத்தில் அந்தத் தடுப்பு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 10 புள்ளி அளவில்தான் விட்டுக்கொடுத்தது. தேசியப் பட்டமும் கிடைத்தது. அடுத்து, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றில் அந்த ஒரே தடுப்பு அணியிலிருந்து 5 பேர். லானிங்கும் ஓரிகனுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார்.

கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. பத்தாண்டு தடுப்பைக் கட்டிக்காத்த பிரென்ட் வெனபிள்ஸ் 2021 டிசம்பரில் ஓக்லஹோமாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கிளெம்சனின் தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி வெளியே யாரையும் தேடவில்லை. திரைமறைவில் ஆட்டப் பதிவுகளை அலசிக்கொண்டிருந்த வெஸ் குட்வினை அந்த இடத்தில் உட்காரவைத்தார். அணி 2022, 2024 இரண்டு பருவத்திலும் தான் சேர்ந்திருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. இருந்தும் 2025 ஜனவரியில் குட்வினை நீக்கிவிட்டு, பென் ஸ்டேட்டிலிருந்து டாம் ஆலனைக் கொண்டுவந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் இடத்திலேயே இருந்தார், வேலை போனது தடுப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு.

எனக்கு மிகவும் பிடித்தவர் விர்ஜினியா டெக்கின் பட் ஃபாஸ்டர். 1987இல் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமரோடு வந்து, 1995இல் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு கோஆர்டினேட்டர் ஆனவர், 2019 வரை அங்கேயே இருந்தார். சுரங்கத் தொழிலாளி சோறு கொண்டுபோகும் பழைய தகரப் பெட்டி ஒன்று அந்தத் தடுப்பு அணியின் அடையாளமாக இருந்தது. நெளிந்து, தேய்ந்து, பார்க்க ஒன்றுமில்லாத பெட்டி. உழைத்துக் காட்டியவன் அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வருவான். ஒரு பதவியில் கால் நூற்றாண்டு உட்கார்ந்து, தலைமை இடத்துக்குப் போகாமலே ஒருவர் இவ்வளவு மதிப்பைச் சம்பாதிக்க முடியும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

இனி தமிழ்ச் சொல். 'தற்காப்பு' என்றால் தன்னைக் காத்துக்கொள்வது. தற்காப்புக் கலை என்று சொல்வது அதனால்தான். இந்த 11 பேரும் தங்களைக் காத்துக்கொள்ள நிற்கவில்லை, வருகிறவனைத் தடுக்க நிற்கிறார்கள். 'பாதுகாப்பு' என்று போட்டால் காவல் துறை நினைவுதான் வரும். பழைய புறத்திணையில் மதில் காக்கும் போருக்கு 'நொச்சி' என்று அழகான பெயர் இருக்கிறது, ஆனால் இன்றைய செய்தியில் அதைப் போட்டால் யாருக்கும் விளங்காது. கபடி வர்ணனையில் நாம் தினமும் கேட்கும் 'தடுப்பாட்டம்' இருக்கும்போது வேறு எங்கும் போக வேண்டியதில்லை. மட்டைவீச்சிலும் அதே சொல் வழங்குகிறது, இடம் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும்.

'ஒருங்கிணைப்பாளர்' அதைவிடச் சிக்கல். தனித்தனியாக இருப்பவர்களைச் சேர்த்துவைப்பவர், கூட்டம் கூட்டுபவர் என்ற நிறம் அதற்கு வந்துவிட்டது. 2017இல் அ.தி.மு.க.வின் இரண்டு அணிகள் ஒன்றானபோது ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று பதவிகள் வந்ததும் அந்தப் பொருளில்தான். கால்பந்துக் கோஆர்டினேட்டர் உத்தி வகுக்கிறார், ஆட்டத்துக்கு ஆட்டம் உத்தரவு போடுகிறார், சரிந்தால் அவர் தலை உருளுகிறது. இதை நம் ஆட்கள் பேச்சில் 'பொறுப்பு' என்றுதான் சொல்வார்கள். எனவே என் தேர்வு 'தடுப்பாட்டப் பொறுப்பாளர்'. 'தடுப்பாட்டத் தலைமைப் பயிற்சியாளர்' என்றும் எழுதலாம், ஆனால் மேலே இருக்கும் தலைமைப் பயிற்சியாளரோடு குழம்பும்.

இதையே நீட்டிக்கொள்ளலாம். தாக்கும் பக்கத்துக்குத் 'தாக்குதலாட்டப் பொறுப்பாளர்'. ஜார்ஜியாவில் 2022இல் கிளென் ஷூமனும் வில் மஸ்சாம்பும் வகித்ததுபோல இருவர் இருந்தால் 'இணைப் பொறுப்பாளர்கள்'. ஒரு பருவ முடிவில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் 'இடைக்காலப் பொறுப்பாளர்'. செய்தியாக எழுதும்போது 'லைன்பேக்கர் பயிற்சியாளரைத் தடுப்பாட்டப் பொறுப்பாளராக உயர்த்தியது ஜார்ஜியா' என்று எழுதினால் போதும். முதல் முறை வரும் இடத்தில் 'டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் எனப்படும்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு, அதற்கப்புறம் தமிழிலேயே தொடரலாம்.