கார் ஏசியின் கேஸ் தீர்ந்துபோகாது

கத்திரி வெயிலில் கார் ஏசி வெந்த காற்றை ஊதினால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாம்" என்பதுதான். ஏற்றியதும் சில்லென்று ஆகிவிடும். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் ஒரே வருடத்தில் தீர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது வீண்செலவு.

ஊசி போடும் முன் கையில் தடவும் ஸ்பிரிட் ஆவியாகும்போது தோல் குளிர்கிறதல்லவா, ஏசியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும். மீட்டரில் 28 பிஎஸ்ஐ காட்டும்போது சுமார் 0 டிகிரி, 200 பிஎஸ்ஐ காட்டும்போது சுமார் 55 டிகிரி. சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் குறைந்த அழுத்தத்தில் கொதித்து, காருக்குள் இருக்கும் சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் 55 டிகிரியில் இருக்கும் கேஸுக்கு அது குளிர்ந்த காற்றுதான். அதனால் சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறிய துளையில் அழுத்தம் இழந்து, மறுபடியும் கூலிங் காயிலுக்கு வருகிறது.

இந்தச் சுற்று புரிந்தால் எதையும் கழற்றாமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். முதலில் காருக்கு அடியில் பாருங்கள். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் ஏசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சொட்ட வேண்டும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து வடிவதுதான் அது. தண்ணீர் நன்றாகச் சொட்டியும் உள்ளே சூடான காற்று வந்தால், குளிர் உற்பத்தியில் குறையில்லை. ஹீட்டர் பக்கத்துச் சூட்டைக் கலக்கும் மூடி சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். கேஸ் ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது. காற்றின் வேகமே குறைவாக இருந்தால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள்.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். கண்டென்சரில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான். அரைமணி நேரம் குளிர்ந்துவிட்டுச் சூடாகி, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி குளிர்கிறது என்றால் எங்கோ பனி கட்டுகிறது. அப்போது காற்றின் வேகமும் குறைந்தால் காயிலின் மேல் பனி. வேகம் குறையாமல் குளிர்ச்சி மட்டும் போனால், உள்ளே புகுந்த ஈரம் வால்வில் உறைகிறது என்று நினைக்கலாம்.

இன்ஜின் ஓட்டத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் தனி கிளட்ச் உள்ள கம்ப்ரஸரானால் ஏசி போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்கவில்லையா? கிளட்ச் பழுதாக இருக்கலாம், அல்லது கேஸ் ரொம்பக் குறைந்ததால் கம்ப்ரஸர் ஓடாமல் பிரஷர் சுவிட்ச் தடுக்கலாம். அந்த சுவிட்சைத் தாண்டி வயர் போட்டு ஓட்டுவதை அனுமதிக்காதீர்கள். கம்ப்ரஸருக்கு எண்ணெயைச் சுமந்து வருவதே அந்த கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் தேய்ந்தே போகும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது மீட்டர் வைத்து "கேஸ் ஃபுல்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். 35 டிகிரி வெப்பத்தில், உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே மீட்டர் ஏறக்குறைய 115 பிஎஸ்ஐ காட்டும். 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே எண்தான். அளவு தெரிய ஒரே வழி, இருப்பதை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து எடை போடுவது. அதிகமாக ஏற்றினாலும் கெடுதல்தான். கண்டென்சரைத் திரவமே அடைத்துக்கொள்ள, சூடு வெளியேற இடம் குறைந்துவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க முதலில் கண்களே போதும். கேஸோடு எண்ணெயும் கசிவதால் குழாய் இணைப்பிலோ கண்டென்சர் மூலையிலோ தூசி ஒட்டிய பிசுபிசுப்பான கறை தெரியும். தெரியவில்லை என்றால் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து சோப்பு நுரை தடவுவார்கள், அல்லது சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஓட்டையை அடைத்தபின் வேக்யூம் பம்ப்பை அரைமணி நேரமாவது ஓட விட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறுவது அப்போதுதான். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம்.

கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் சரியில்லை. பழைய கார்களில் இருந்த ஆர்12 கேஸ் ஓசோனை அரித்ததால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ ஆர்134ஏ ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். புதிய கார்கள் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் வருகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக்கூடாது. எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். வண்டியை விடும்போதே அதைக் காட்டி, அந்த எடைக்குத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.