டிகாக்‌ஷன்: காய்ச்சியதா, வடிந்ததா?

காப்பி போடும் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழும் சொல் இது. டிகாஷன், டிக்காஷன் என்று வாய்க்கு வந்தபடி சொல்வோம். ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் இறங்கியிருக்கும் கெட்டியான கறுப்புச் சாறுதான் நமக்கு டிகாக்‌ஷன். ஆனால், சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பொருள் வேறு.

லத்தீனில் ‘கோக்வெரெ’ என்றால் சமைத்தல். அதற்கு முன்னால் ‘தே’ சேர்ந்து ‘தேகோக்வெரெ’ ஆகும்போது, காய்ச்சிச் சுண்ட வைத்தல் என்றாகிறது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. (காப்பிக்குத் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டும் இதே வேரில் பிறந்ததுதான், ‘இருமுறை சமைத்தது’ என்று பொருள்.) வேர், பட்டை போன்றவற்றைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து எடுக்கும் மருந்துக்குத்தான் டிகாக்‌ஷன் என்று பெயர். அப்படியானால் அதற்குச் சரியான தமிழ், சித்த மருத்துவம் சொல்லும் ‘குடிநீர்’. நிலவேம்புக் குடிநீர் என்கிறோமே, அது அசல் டிகாக்‌ஷன். பேச்சில் கஷாயம்.

ஃபில்டரில் நடப்பதோ வேறு. மேல்பாத்திரத்தில் தூளைப் போட்டு லேசாக அமுக்குகிறோம். கொதித்து இறக்கிச் சற்றே அடங்கிய வெந்நீரை, 90 முதல் 96 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம், சுற்றி ஊற்றுகிறோம். புதுத்தூளாக இருந்தால் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேற, மேலே குமிழி விட்டு உப்பும். அப்புறம் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பொடிப்பொடித் துளைகள் வழியே ஒவ்வொரு சொட்டாக இறங்கும். இதில் தூள் கொதிப்பதே இல்லை.

கொதிக்கவும் கூடாது. காப்பியின் மணம் எளிதில் ஆவியாகிவிடுவது. தூளைப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டால் மணம் வீட்டுக்குப் போய்விடும், கசப்பும் துவர்ப்பும் தம்ளருக்கு வரும். கஷாயம் என்ற வடசொல்லுக்கே துவர்ப்பு என்றும் பொருள் உண்டு. துருக்கிக் காப்பி வேறு வகை: மாவு போல அரைத்த தூளைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, நுரை பொங்கும்போது இறக்குவார்கள். அதை டிகாக்‌ஷன் என்றால் தகும்.

நம் ஃபில்டரில் இறங்குவதற்குப் பொருத்தமான சொல் ‘வடிநீர்’. காப்பிக்குத் தமிழாகக் ‘கொட்டை வடிநீர்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பால், சர்க்கரை எல்லாம் சேர்ந்த காப்பிக்கு அது ஒட்டவில்லைதான். கொட்டையின் வடிவத்தைப் பார்த்து, குளம்பு போலிருப்பதால் வைத்த ‘குளம்பி’யும் பேச்சில் ஏறவில்லை. காப்பி காப்பியாகவே இருக்கட்டும். அது தமிழாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் டிகாக்‌ஷனுக்கு வடிநீர் கச்சிதம். சோறு வடிக்கிறோம், வடிகட்டி வைத்திருக்கிறோம். புதிதாகப் பழக ஒன்றுமில்லை. இலக்கணப்படி அது வினைத்தொகை. வடிந்த நீர், வடிகின்ற நீர், வடியும் நீர் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். காலையில் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து, ‘இறங்கிடுச்சா?’ என்று கேட்கும்போது கீழே இருப்பது மூன்றுமே.