வெட்டிப் போட்ட அரளியும் வெள்ளாடும்

போன வாரம் மறுபடியும் அரளி. புது வீட்டுக்காரர் ஒருவர் காம்பவுண்டு ஓரத்து அரளியைக் கவாத்து செய்து, கிளைகளைப் பக்கத்துக் காலி மனையில் கொட்டியிருக்கிறார். அங்கே மேய்ந்த ஆடுகளில் இரண்டு விடிவதற்குள் செத்துவிட்டன. "பாம்பு கடிச்சிருக்கும் சார்" என்றார்கள். வயிற்றைத் திறந்தால், தடித்த நடுநரம்போடு நீள நீளமாய் அரளி இலைத் துண்டுகள்.

ஆடு வைத்திருக்கும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எது விஷம்னு ஆட்டுக்குத் தெரியாதா சார்?"

செடியாக நிற்கும்வரை ஓரளவுக்குத் தெரியும். இலை கசக்கும், ஒரு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். வெட்டிப் போட்டு வாடிய பிறகு அந்தக் கசப்பு குறைகிறது, விஷம் குறைவதில்லை. நன்றாகக் காய்ந்து சருகான இலையும் கொல்லும். நம் ஆட்களோ "காஞ்சு போச்சு, இனி ஒண்ணும் பண்ணாது" என்று தலைகீழாக நம்புகிறார்கள். அறுத்த புல்லோடு நாலு அரளி இலை கலந்துவிட்டால், கட்டிப்போட்டுப் பசியோடு நிற்கும் ஆடு அதை உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டா இருக்கும்? பெரிய மாட்டைச் சாய்க்கவே பத்து இருபது இலை போதும். ஆட்டுக்குச் சில இலைகளே அதிகம்.

இன்னொன்று, அம்மன் கோயில் செவ்வரளி மாலை. சாமிக்குப் போட்டதைப் பசுவுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று ஊட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூவிலும் அதே விஷம்தான். பசுவுக்கு வாழைப்பழம் கொடுங்கள்.

வாயில் எச்சில் ஒழுகுவது, வயிற்றுவலி, கழிச்சல், காதும் காலும் சில்லென்று ஆவது, நாடி தாறுமாறாக ஓடுவது, இவையெல்லாம் சில மணி நேரத்துக்குள் வரும். சிலதில் அதற்கும் நேரம் இருக்காது, நின்றபடியே சாய்ந்துவிடும். இது இதயத்தைப் பிடிக்கிற விஷம். அதனால் ஆட்டை விரட்டாதீர்கள், ஆஸ்பத்திரிவரை நடத்தியும் கூட்டிவராதீர்கள். நிழலில் அமைதியாக விட்டுவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு ஃபோன் போடுங்கள். மூங்கில் குழாயில் எண்ணெயையும் உப்புத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். பாதி நுரையீரலுக்குப் போய், அரளியில் பிழைத்த ஆடும் அதில் சாகும். மாடு படுத்துவிட்டால் உடனே "கால்சியம் போடுங்க சார்" என்று மருத்துவரை நெருக்குவதையும் விடுங்கள். அரளி தின்ற மாட்டுக்குக் கால்சியம் ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம்.

அரளியோடு முடியவில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, வேலியோர உன்னிச்செடி, மஞ்சள் அரளிக்காய் எல்லாமே ஆபத்துதான். மரவள்ளித் தழையும் இளஞ்சோளமும் தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தோட்டக்காரர்களே, அரளி வளர்ப்பதை நான் தடுக்கவில்லை. வெட்டியதைத் தெருவிலோ காலி மனையிலோ வீசாதீர்கள். கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகையும் நல்லதல்ல. குழி வெட்டிப் போட்டு மண்ணை மூடுங்கள். ஆடு வளர்ப்பவர்களே, ஃபோனில் "ஏதோ தழையைத் தின்னுச்சு" என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் பாதி நேரம் யூகத்திலேயே போய்விடும். தின்ற இடத்தில் கிடப்பதில் ஒரு கொத்தை எடுத்துப் பையில் போட்டு வையுங்கள்.