கிணற்றடியில் காத்திருப்பதும் வேலைதான்

மேற்கு டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் டிரக் ஓட்டுகிறவர்களின் சம்பள வழக்குகளைப் பார்ப்பது என் தொழில். இதைப் பற்றித் தமிழில் எழுதியதில்லை. சமீபத்தில் வந்த ஒரு தம்பிதான் எழுத வைத்துவிட்டார். எண்ணெய்க் கிணறுகளுக்கு மணல் கொண்டுபோகும் டிரக் ஓட்டியவர். வேலையை விட்டே வெகுநாள் ஆகியிருந்தது. கடைசி வாரச் சம்பளத்தில் டயருக்கென்று பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தார். டயரை விடுங்கள், வாரம் எண்பது மணி நேரம் வேலை பார்த்திருக்கிறீர்களே, ஓவர்டைம் எங்கே என்றேன். “லாரி டிரைவருக்கு ஏதுக்கா ஓவர்டைம்?” என்றார். வழக்குப் போடும் காலக்கெடு அதற்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இந்த ஒரு வரியை யார்தான் பரப்பினார்களோ. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று உத்தரவிடும் டிஸ்பாட்சர் சொல்கிறார், கூட ஓட்டுகிறவர் சொல்கிறார், கம்பெனியின் கணக்கரும் முகம் மாறாமல் சொல்கிறார். பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் பணம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1938-இல் வந்த கூட்டாட்சி வேலைநேரச் சட்டப்படி, வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். இதில் லாரித் தொழிலுக்கு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கு “டிரைவர்” என்ற பதவிப் பெயருக்குக் கொடுத்ததல்ல. மாநிலம் தாண்டும் வணிகத்தில், குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். 2008-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 10,000 பவுண்டும் அதற்குக் குறைவாகவும் எடை மதிப்புள்ள (சரக்கோடு சேர்த்து வண்டி தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்த எடை) வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஓவர்டைம் உண்டு. பிக்கப்பில் அவசர உதிரிபாகம் கொண்டுபோகும் ‘ஹாட்ஷாட்’ டிரைவர்கள் இதைக் கவனியுங்கள். ஆனால் பின்னால் டிரெய்லர் இழுத்தால் அதன் எடையும் கணக்கில் சேரலாம். கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் எடை மதிப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டி என்றாலும் கதை முடியவில்லை. சரக்கு எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றிலிருந்து வரும் உப்புநீரை அதே மாவட்டத்தில் இருக்கும் கழிவுக் கிணற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர் எந்த மாநில எல்லையைத் தாண்டினார்? மணலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் விஸ்கான்சினிலிருந்து ரயிலில் வந்து இறங்கும். கடைசி நூறு மைல் மட்டும் டிரக்கில் போனாலும், அது மாநிலம் தாண்டிய பயணத்தின் தொடர்ச்சி என்று கம்பெனிகள் வாதாடும். அந்த வாதத்துக்கு வலு உண்டு. 2017-இல் மேற்கு டெக்சாஸின் கெர்மிட் ஊர்ப் பக்கத்திலேயே மணல் சுரங்கங்கள் திறந்தன. டெக்சாஸ் மணல், டெக்சாஸ் கிணறு. கம்பெனியின் வாதம் பலவீனமாகிவிட்டது. (எங்கள் தரப்பு வழக்கறிஞர்கள் மணலின் பிறப்பிடத்தைத் துருவ ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.) உங்கள் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை லோடு டிக்கெட்டை, அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் தரும் சீட்டை, பார்த்துத்தான் சொல்ல முடியும். டிஸ்பாட்சர் சொல்லக் கூடாது. நீங்களும் முடிவுகட்டிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

அடுத்த சாக்கு: “எனக்கு நாள் சம்பளம் பேசியிருக்கிறார்கள், அதிலேயே எல்லாம் அடங்கும்.” விலக்கில் வராதவர் என்றால், அடங்காது. நாளுக்கு 300 டாலர், வாரம் 6 நாள், நாளுக்கு 14 மணி நேரம் என்று வையுங்கள். வாரத்துக்கு 1,800 டாலர், 84 மணி நேரம். மணிக்கு 21 டாலர் 43 சென்ட் ஆகிறது. 40-க்கு மேலான 44 மணி நேரத்துக்கு இதில் பாதியைக் கூடுதலாகத் தர வேண்டும். வாரம் சுமார் 471 டாலர். இப்போது மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். லோடுக்கு இவ்வளவு என்று பேசினாலும் இதே கணக்குதான்.

“நான் லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறேன், எனக்கெல்லாம் கிடைக்காது” என்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு. கடல் துரப்பண மேடையில் நாள் சம்பளத்துக்கு மேற்பார்வை வேலை பார்த்தவர் ஹியூவிட். ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல். 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவருக்கு ஓவர்டைம் உண்டு என்றது. நாள் கணக்கில் கொடுக்கும் பணம், மேலதிகாரிகளுக்கான விலக்கு கேட்கும் நிலையான சம்பளம் ஆகாது என்பது காரணம். அது டிரக் வழக்கு அல்ல. ஆனால் தொகை பெரிதாக இருப்பதாலேயே உரிமை போய்விடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சரி, காத்திருப்புக்கு வருவோம். எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான்.

மணலும் நீரும் கிணற்றுக்குள் அழுத்திப் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் ‘ஃபிராக்’ நடக்கும் இடத்தில் மணல் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஆறு மணி நேரம், பத்து மணி நேரம், சில சமயம் ஒரு இரவே. வேலை நேரம் பதியும் லாக்கில் ‘ஆஃப் டியூட்டி போட்டுக்கோ’ என்று டிஸ்பாட்சரிடமிருந்து மெசேஜ் வரும். டிரைவரும் போட்டுவிடுவார். அந்த ஒரு பட்டனால் இரண்டு இழப்பு. காத்திருந்த நேரத்துக்குச் சம்பளம் போச்சு. காலைமுதல் கண்விழித்திருப்பவர், லாக்கில் மட்டும் ஓய்வெடுத்தவராகி மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கொரு முறை வண்டியை ஓரடி முன்னே நகர்த்த வேண்டும், வண்டியை விட்டுப் போக முடியாது, கூப்பிட்டால் உடனே வர வேண்டும் என்றால் நீங்கள் வேலையில்தான் இருக்கிறீர்கள். தூங்கவில்லை, வண்டியும் ஓடவில்லை என்பதால் அது ஓய்வாகிவிடாது. எண்ணெய் வயலுக்கென்று தனி விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வேலை தொடங்கி 14 மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டக் கூடாது என்று ஒரு கெடு உண்டு; கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை அதில் சேர்க்காத சலுகை அது. கிணற்றுப் பணிக்கென்றே தனியாகக் கட்டிய வண்டியை ஓட்டும், அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற டிரைவருக்கு மட்டும். மணல், தண்ணீர் ஏற்றும் வண்டிகளுக்கு அது பொருந்தாது என்று போக்குவரத்துத் துறை 2012-இலேயே விளக்கம் தந்துவிட்டது. மேலும் அது ஓட்டும் நேர விதி. சம்பள விதி அல்ல. இரண்டையும் குழப்புவது கம்பெனிக்கு வசதி.

களைப்பின் விலையை நான் விளக்க வேண்டியதில்லை. பெகோஸிலிருந்து கார்ல்ஸ்பாட் போகும் 285-ஆம் எண் சாலையில் ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும். எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் வேலையின்போது இறப்பவர்களில் மிக அதிகம் பேர் வாகன விபத்தில்தான் இறக்கிறார்கள்.

கச்சா எண்ணெய் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டேங்க் மேலே ஏறி மூடியைத் திறந்து அளவு பார்க்கும்போது மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். காற்றடிக்கும் திசை பார்த்து நில்லுங்கள். தனியாக ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2010-க்கும் 2014-க்கும் இடையில் இப்படி அளவோ மாதிரியோ எடுக்கப் போன 9 பேர் இறந்ததைச் சொல்லி 2016-இல் அரசு எச்சரிக்கையே வெளியிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. சட்டையில் மாட்டும் கேஸ் மானிட்டர் கொடுக்காத கம்பெனியில் ஏன் இருக்கிறீர்கள்?

‘1099’ என்று சொல்லி, அதாவது ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று வரிப் படிவத்தில் காட்டிச் சேர்ப்பவர்களிடம் ஜாக்கிரதை. வண்டி அவர்களுடையது, நேரம் அவர்கள் சொல்வது, லோடு அவர்கள் தருவது, ஆனால் நீங்கள் மட்டும் ‘சுயதொழில்’! தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை, நடைமுறையைப் பார்க்கும். அதுவரை 15.3 சதவீதச் சுயதொழில் வரி உங்கள் தலையில். அடிபட்டால் இழப்பீட்டுக் காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. டெக்சாஸில் தனியார் முதலாளி அந்தக் காப்பீட்டை எடுக்காமலே இருக்கலாம், ஆகவே நேரடி ஊழியராகச் சேர்பவரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து கணக்கு வையுங்கள். எலக்ட்ரானிக் லாக்கைக் கம்பெனி 6 மாதம் வைத்திருந்தால் போதும், அதற்குப் பிறகு அழித்துவிட்டார்கள் என்று என்னிடம் அழுது பயனில்லை. உங்கள் லாக்கின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, மாதாமாதம் வாங்குங்கள். லோடு டிக்கெட் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். வரிசையில் எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள், எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். டிஸ்பாட்சரின் மெசேஜை அழிக்கவே அழிக்காதீர்கள். ‘ஆஃப் டியூட்டி போடு’ என்று அவரே எழுதியதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. களைத்துப்போன நிலையில் ஓட்ட மறுத்ததற்காக வேலையை விட்டு எடுத்தால் 180 நாளுக்குள் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவில் புகார் தர வேண்டும்.

சம்பள பாக்கிக்குப் பொதுவாக 2 ஆண்டு வரைதான் பின்னோக்கிக் கேட்க முடியும். முதலாளி தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபித்தால் 3 ஆண்டு. நீங்கள் வழக்குப் போடும் நாளிலிருந்து எண்ணுவார்கள். யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் பழைய ஒரு வாரம் கையைவிட்டுப் போகிறது. ஜெயித்தால் பாக்கியும், பொதுவாக அதே அளவு இன்னொரு மடங்கும் கிடைக்கும். வழக்கறிஞர் செலவை முதலாளி தர வேண்டும். எனவே கையில் காசில்லை என்று தயங்க வேண்டாம். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை.

வேலையை விடும்போது ஒரு செக்கையும், ‘எல்லாம் தீர்ந்தது’ என்று ஒரு தாளையும் நீட்டுவார்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். உழைத்த சம்பளத்தின் செக் உங்களுடையது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். தாளை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.