கைக்குழந்தை வீட்டில், ஈயப் பொடி லேபில்

டெல்டாவில் கரும்பு அரவைப் பருவமும் சம்பா அறுவடையும் ஒன்றாகத்தான் வரும். சர்க்கரை ஆலை லேபில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணின் கைக்குழந்தையை வைத்துக்கொள்ளும் மாமியாரும் அப்போது களத்தில் நிற்பார். கும்பகோணம், மன்னார்குடி கல்லூரிகளில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து வரும் பெண்கள் முதல் பிரசவத்தோடு வேலையை விடுவதைப் பார்க்கும்போது, லேப் பொறுப்பில் இருக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஷிப்ட் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஈயம். கரும்புச் சாற்றில் ‘போல்’ (சர்க்கரை அளவு) பார்க்க, போலாரிமீட்டர் என்ற கருவியில் வைப்பதற்கு முன் சாறு தெளிய வேண்டும். அதற்குப் பல லேப்களில் இன்றும் லெட் சப்-அசிடேட் என்ற ஈய உப்புப் பொடியைத்தான் போடுகிறார்கள். அள்ளும்போது பறப்பது மூச்சில் போகிறது, விரலில் ஒட்டியது சாப்பாட்டோடு போகிறது. உள்ளே போன ஈயம் பல வருஷம் எலும்பில் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது இதுவும் ரத்தத்தில் இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். வாய்வழி போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சும்.

அதனால் கர்ப்பம் என்று தெரிந்ததும், மூன்று மாதம் வெளியே சொல்லாத வழக்கத்தை லேப் பொறுப்பாளரிடம் மட்டும் விட்டுவிடுங்கள். அவர் உங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ‘போல்’ பார்க்கும் மேசையிலிருந்து பாய்லர் தண்ணீர் சோதனைக்கோ ரிப்போர்ட் கணக்குக்கோ மாற்றினால் போதும். அலுமினிய உப்பு கலந்த, ஈயமில்லாத தெளிவிப்பான்களும் இருக்கின்றன. ஆலை நிர்வாகங்கள் அதற்கு மாறியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது அப்பாக்களுக்கும்தான். லேப் கோட்டை ஆலையிலேயே துவையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, செருப்பை மாற்றிக்கொண்டு, அப்புறம் வண்டியை எடுங்கள். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்.

சரி, விடுப்பு. 2017 முதல், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இல்லாத தாய்க்குச் சம்பளத்தோடு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சீசன் கெமிஸ்ட் என்பதாலேயே இந்த உரிமை போய்விடாது. அரவை நாட்களின் வருகைப் பதிவை எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.